டேட்டா சென்டருக்கு நிலம் கேட்டு உங்கள் ஊருக்கு யாராவது வந்தார்களா? எங்கள் கதை இது

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் ஊர். பத்திர விவகாரம் இன்னும் முடியாததால் ஊர்ப் பெயர் வேண்டாம். முதலில் ஒரு புரோக்கர் வந்து கருவேலங்காட்டை விலைக்குக் கேட்டார். எதற்கு என்றால் "சோலார்" என்றார். அடுத்த மாதம் கேட்டபோது "குடோன்" என்றார். அப்பத்தா பெயரில் கிடந்த நாலு ஏக்கருக்கு, அது கூட்டுப்பட்டா என்று தெரிந்தும், சித்தப்பா அட்வான்ஸ் வாங்கிவிட்டார். அதற்கும் பிறகுதான் டேட்டா சென்டர் என்ற வார்த்தையே ஊருக்குள் வந்தது. இன்டர்நெட்டுக்கான கம்ப்யூட்டர்களை அடுக்கி இரவும் பகலும் ஓட்டும் கட்டடமாம்.

சமுதாயக் கூடத்தில் ஒரு நாள் கூட்டம் போட்டார்கள். கம்பெனி ஆட்கள் மூன்று பேர். திரையில் நீலக் கண்ணாடிக் கட்டடம், முன்னால் பச்சைப் புல்வெளி. எங்கள் ஊரில் புல்வெளி! பாதியில் கரண்ட் போய்விட்டது. அந்தத் தம்பி சமாளித்துக்கொண்டு, "எங்க கட்டடத்துல ஒரு நொடிகூடக் கரண்ட் போகாது, அதுக்குன்னே பெரிய டீசல் ஜெனரேட்டர் வரிசையா வெச்சிருப்போம்" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

அப்போதுதான் அத்தை எழுந்தார். தள்ளுவண்டியை வாசலில் நிறுத்திவிட்டு நேராக உள்ளே வந்திருந்தார். வண்டியில் ஆறு குடம். மாறிப் போகக்கூடாது என்று கழுத்தில் நெயில் பாலிஷால் 'மு' எழுதியது, வாயில் பழைய வேட்டித் துணி கட்டியது.

"தம்பி, தண்ணி எங்கேருந்து எடுப்பீக?"

"நிலத்தடி நீரைத் தொடவே மாட்டோம்மா. டேங்கர்ல வரும்."

"சரி, டேங்கரு எங்கேருந்து எடுக்கும்?"

குறித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். இன்றுவரை பதில் இல்லை. வேறு ஊர்களில் என்ன நடந்தது? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

*

முதுகுளத்தூர்க்காரன், வேலை சென்னையில்

நான் ஒரு டேட்டா சென்டரில்தான் ஷிப்ட் பார்க்கிறேன். கம்பெனிக்கு வக்காலத்து வாங்கவில்லை, கணக்கை மட்டும் சொல்கிறேன். 100 மெகாவாட் சுமை என்றால் ஒரு நாளைக்கு 24 லட்சம் யூனிட். இரண்டு மாதத்துக்கு வீட்டுக்கு 100 யூனிட் இலவசம் தருகிறார்கள் இல்லையா, அப்படி 24,000 வீடுகளுக்குப் போவது இங்கே ஒரே நாளில் தீரும். உள்ளே போன கரண்ட் எல்லாமே கடைசியில் சூடுதான். கூலிங் டவர் வைத்துத் தண்ணீரை ஆவியாக்கி அந்தச் சூட்டை வெளியேற்றினால் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் போகும். பெருக்கினால் நாளொன்றுக்கு 36 லட்சம் லிட்டர். நரிப்பையூரில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை போட்டார்களே, அதன் அளவே நாளுக்கு 38 லட்சம் லிட்டர்தான்.

ஆனால் எல்லா சென்டரும் தண்ணீர் குடிக்காது. காற்றிலேயே குளிர்விக்கும் சில்லர் இருக்கிறது. தண்ணீர் மிச்சமாகும், கரண்ட் கூடுதலாகப் போகும். அதனால் "தண்ணி எவ்வளவு" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "கூலிங் டவரா, ஏர் கூல்டா, எழுத்தில் கொடுங்க" என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

*

திருப்பாலைக்குடி

உப்பூரில் 1600 மெகாவாட் அனல் மின் நிலையம் வருகிறது என்றபோது மீனவர்களும் விவசாயிகளும் ஒன்றாக நின்றோம். 2021இல் பசுமைத் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது வரை பலருக்கும் தெரியும். அந்த அனுபவத்தை நம்பித்தான், பக்கத்து ஊரில் இந்தப் பேச்சு வந்ததும் "கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போ?" என்று மனு எழுதிக்கொண்டு போனேன்.

மனுவைப் படித்த வக்கீல் சிரித்துவிட்டார். எந்தத் திட்டத்துக்கு என்ன அனுமதி வேண்டும் என்று சொல்லும் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையில் அனல் மின் நிலையத்துக்குக் கருத்துக் கேட்பு உண்டு. டேட்டா சென்டர் அதில் தனி இனமாகவே இல்லை, கட்டடக் கணக்கில்தான் வருகிறது. கட்டடத்துக்குக் கருத்துக் கேட்பு கிடையாது. அடுக்குமாடி வீடும் இதுவும் ஒரே தட்டு. நான் திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். புகை வந்தால் கூப்பிட்டுக் கேட்பார்கள், புகை வராவிட்டால் கேட்கமாட்டார்கள் போல. ஜெனரேட்டர் புகை எந்தக் கணக்கோ.

*

கீழக்கரை, இப்போது துபாய்

எல்லாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்க காக்காவும் (அண்ணனும்) நானும் ஏன் இங்கே வந்து கிடக்கிறோம்? ஊரில் வேலை இல்லை. கருவேலமரம் வெட்டிக் கரி மூட்டம் போடுவதையே பரம்பரையாகச் செய்ய முடியுமா? வருகிறவனை எல்லாம் விரட்டினால் கடைசியில் நாம் மட்டும் மிஞ்சுவோம், அதுவும் கிழங்கட்டைகளாக.

*

கமுதி பக்கம்

துபாய்க் காக்காவுக்கு ஒரு பதில். 2016இல் இங்கே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது, 2,500 ஏக்கர். அதன் பிறகு சுற்றுவட்டாரத்தில் சின்னதும் பெரிதுமாக இன்னும் பல வந்தன. அதில் ஒரு சின்ன கம்பெனிக்குத்தான் எங்கள் நிலம் போனது. வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்தவர், வாட்ச்மேன் வேலை கிடைத்தது, ஒன்பது மாதம். கட்டும்போது கூட்டமாக ஆள் எடுப்பார்கள். கட்டி முடித்தால் வேலிக்கு உள்ளே மனித நடமாட்டமே இருக்காது. டேட்டா சென்டரும் அப்படித்தானா என்று சென்னைத் தம்பிதான் சொல்ல வேண்டும்.

*

முதுகுளத்தூர்க்காரன்

அப்படித்தான் அண்ணே. இரவு ஷிப்டில் எங்கள் கட்டடத்தில் செக்யூரிட்டியையும் சேர்த்துப் பதினோரு பேர். அதில் நம் ஜில்லாக்காரன் நான் ஒருத்தன்தான்.

*

சாயல்குடி பக்கம், மறுபடியும்

நன்றி. மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் டேட்டா சென்டர் பற்றிய எங்கள் தீர்மானத்தை வைத்தோம். சித்தப்பா வரவில்லை. அட்வான்ஸில் பாதியை வீட்டு மாடிக்குச் சிமெண்டாக இறக்கியாகிவிட்டது, பாவம், அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. தீர்மானத்துக்கு எல்லாரும் கை தூக்கினார்கள். கிளம்பப் போகும்போது அத்தைதான் தீர்மான நோட்டை வாங்கிப் புரட்டினார். எங்கள் தீர்மானத்தை அதில் எழுதவே இல்லை. "எழுதுங்க, நிக்கிறேன்" என்று மேசையோரம் நின்றார். அரைமணி நேரம் ஆனது. எழுதி முடித்ததும் முதல் கையெழுத்து அவருடையது. பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனார். அன்றைக்குத் தண்ணீர் வரும் முறை.

திருப்பாலைக்குடி அண்ணே, அந்த மனு நகல் இருந்தால் அனுப்புங்கள். கருத்துக் கேட்பு இல்லை என்றாலும் அதைக் கேட்டு ஒரு மனு போட்டு வைக்கலாம் என்று அத்தை சொல்கிறார்.