புதுப்பிப்பு: கலிஃபோர்னியாவில் வாரிசுரிமையாக வந்த மேனுஃபாக்சர்டு ஹோமை விற்பது

தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் வீடான மேனுஃபாக்சர்டு ஹோமின் டைட்டில் (உரிமைப் பத்திரம்) இன்னும் இறந்தவர் பெயரிலேயே இருந்தால் என்ன செய்வது என்று முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது.

இத்தகைய வீடுகளுக்கான பார்க்கில் வாடகை மனையில் நிற்கும் வீட்டின் டைட்டில், மாநில வீட்டுவசதித் துறையான எச்.சி.டி.யிடம் இருக்கும். நிரந்தர அஸ்திவாரத்தில் ஏற்றி, அதை அறிவிக்கும் 433ஏ படிவத்தைப் பதிந்த வீடு என்றால் கதையே வேறு. அது நிலத்தோடு சேர்ந்த சொத்து.

புரோபேட் (நீதிமன்றம் வழியாகச் சொத்தை வாரிசுகளுக்கு மாற்றும் நடைமுறை) இல்லாமல் டைட்டிலை மாற்ற, இறந்து 40 நாள் கடந்திருக்க வேண்டும். இறப்புச் சான்றிதழோடு வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்தும் தேவை. வெளியூரில் இருக்கும் தம்பியின் கையெழுத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

அதிகம் இழுத்தடிப்பது பழைய கடன்தான். பணம் எப்போதோ கட்டி முடிந்திருக்கும். ஆனால் டைட்டிலில் கடன் கொடுத்தவரைக் குறிக்கும் 'லீகல் ஓனர்' என்ற இடத்தில் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். வங்கி வேறொன்றோடு இணைந்திருந்தால், விடுவிப்புக் கடிதத்தை இப்போதைய வங்கிதான் தர வேண்டும். திவாலாகி மூடப்பட்ட வங்கி என்றால் வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு தரும் மத்திய அரசு அமைப்பான எஃப்.டி.ஐ.சி.யிடம் கேளுங்கள்.

டைட்டிலில் உள்ள எண்களை வீட்டோடு ஒத்துப் பாருங்கள். 1976 ஜூன் 15க்குப் பின் செய்த வீடுகளில், ஒவ்வொரு பகுதியின் வெளிப்புறத்திலும் மத்திய வீட்டுவசதித் துறையான ஹட்டின் சிவப்பு உலோகத் தகடு இருக்கும். இரட்டை அகல வீட்டுக்கு இரண்டு தகடு. புதுச் சைடிங் (வெளிச்சுவர்ப் பலகை) போடும்போது அதைக் கழற்றி எறிந்துவிடுவது சகஜம். மாற்றுத் தகடு கிடைக்காது, ஹட்டுக்காகத் தகடு விவரங்களைப் பராமரிக்கும் ஐ.பி.டி.எஸ். நிறுவனம் தரும் சரிபார்ப்புக் கடிதம்தான் வழி.

உள்ளூர்ச் சொத்து வரியில் இருக்கும் வீட்டுக்கு, கவுண்டி வரி வசூலிப்பாளரின் வரி நிலுவையின்மைச் சான்றும் வேண்டும். வீட்டை விற்பனைக்குப் போடும் முன்பே எச்.சி.டி.யில் டைட்டில் தேடலுக்கு விண்ணப்பித்தால், முன்பணம் வாங்கிய பிறகு தவிக்க நேராது.