பையன் பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை, வியாழக்கிழமை டீச்சர் வரச் சொல்லியிருக்கிறார்

உச்சிப்புளிக்காரி:
எல்லோருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். பையன் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். வீட்டில் ஓயாமல் பேசுகிறவன். ஊரில் பால்வாடியில் மற்ற பிள்ளைகளையெல்லாம் கட்டி மேய்த்தவன். இன்று கூட்டிவரப் போனபோது டீச்சர் கேட் பக்கத்தில் நின்று என்னென்னவோ சொன்னார். வியாழக்கிழமை மூன்றரைக்கு வா என்றது மட்டும்தான் விளங்கியது. வீட்டுக்காரருக்கு அன்று ஷிப்ட், நான் ஒருத்தியாகத்தான் போக வேண்டும். காலையில் ஷூவை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொள்கிறான். பேச்சு வராத பிள்ளைகளோடு தனியாக உட்கார வைத்துவிடுவார்களோ? இனிமேல் வீட்டிலும் இங்கிலீஷ்தான் பேச வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் காற்று:
பயப்படாதீர்கள் சகோதரி. நாங்கள் கனடாவில், ஸ்கார்பரோவில் வந்து இறங்கியது நடுக்குளிரில். ஜாக்கெட் வாங்கினோம், பூட்ஸ் வாங்கினோம், கால்சட்டைக்கு மேல் மாட்டும் ஸ்னோ பேண்ட் என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை. இடைவேளையில் மற்ற பிள்ளைகள் பனியில் உருளும், என் மகள் சுவரோரம் நிற்பாள். டீச்சர் அதைக் கூச்சம் என்று நினைத்தார். உட்கார்ந்தால் நனைந்துவிடும், அவ்வளவுதான் விஷயம். ஸ்னோ பேண்ட் வந்த பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. எனக்கு அப்போது வேர்ஹவுஸில் இரவு வேலை, விரலெல்லாம் வெடித்து ரத்தம் வரும், அதை யாரிடம் சொல்ல. கனடா என்றால் பள்ளி ஆபீஸில் செட்டில்மென்ட் வொர்க்கர் உண்டா என்று கேளுங்கள். புதிதாக வந்த குடும்பங்களுக்காகவே இருப்பவர்கள், காசு கிடையாது.

கீழக்கரை காக்கா:
தங்கச்சி, எந்த நாடு என்று சொல்லவில்லையே. துபாய் என்றால் இந்தியன் ஸ்கூலில் போடுங்கள். ஏப்ரலில் புது வகுப்பு, சிபிஎஸ்இ பாடம், தமிழும் மலையாளமும் பேசுகிற பிள்ளைகள் நிறைய. நான் வந்த புதிதில் எனக்குப் பேசவே ஆள் கிடையாது. அடுக்குக் கட்டில், மேலே ஒரு பெஷாவர்க்காரர், கீழே நான். உருது முழுக்க அவரிடம் படித்ததுதான். பெரியவனுக்கே வந்தது, பிள்ளைக்கு வராதா? வீட்டில் இங்கிலீஷே பேசுங்கள். தமிழ் எங்கேயும் ஓடிப்போகாது.

சிங்கப்பூர் லாத்தா:
காக்கா, ஓடித்தான் போகிறது. என் தம்பி பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். உம்மா போனைக் கொடுத்தால் ‘சாப்டீங்களா’வுக்கு மேல் ஒரு சொல் வராது, இரண்டு பக்கமும் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். இங்கே தமிழ் அதிகாரத்துவ மொழி, பள்ளியிலேயே தாய்மொழிப் பாடம், அதனால் நாங்கள் தப்பித்தோம். வீட்டில் தமிழை விடாதேம்மா. உங்கள் பள்ளியில் தமிழ் டீச்சர் யாராவது இருந்தால் அவரைப் பிடி.

சாயல்குடியான்:
ஆறு மாதம் அப்பத்தாவிடம் கொண்டுபோய் விடுங்கள். தேறி வருவான். இந்த வயதில் பிள்ளையைப் படுத்தக் கூடாது. எங்கள் வீட்டில் பிரச்சினையே வேறு. ஞாயிறு தவறாமல் வீடியோ கால். சாயல்குடி, கமுதி, பரமக்குடி என்று மொத்தச் சொந்தமும் வரிசையாக உட்கார்ந்து, ‘டேய், இங்கிலீஷ்ல பேசிக் காட்டுடா’. பையன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். ‘வெளிநாடு போயும் பிள்ளை ஊமையா இருக்கு’ என்று பெரியத்தை ஒருமுறை போனை வைக்காமலே சொன்னது.

பாம்பன் காற்று:
அண்ணே, எங்கள் வீட்டில் அதோடு ‘இன்னும் சொந்த வீடு வாங்கலையா’ வேறு. பெட்டியில் கருவாடும் முண்டு மிளகாயும் அனுப்பட்டுமா என்பார்கள், அனுப்புவது மட்டும் கிடையாது. ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் டிக்கெட் விலையைக் கேட்டாலே காய்ச்சல் வருகிறது. பாம்பனில் ரயில் ஒழுங்காக ஓடுகிறதா இப்போது?

சாயல்குடியான்:
ஓடுகிறது. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்தபின் நேரே ராமேஸ்வரம். முன்பு போல மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டியதில்லை.

தங்கச்சிமடத்து அக்கா:
ரயிலை அப்புறம் பார்ப்போம். வியாழன் நாளை மறுநாள். தாயி, நான்கு விஷயம் சொல்லு. எந்த நாடு, என்ன வகுப்பு, பள்ளியில் சேர்ந்து எவ்வளவு நாள், தண்ணீர் பாட்டில் எப்படித் திரும்பி வருகிறது.

உச்சிப்புளிக்காரி:
மன்னிக்கணும் அக்கா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். இங்கிலாந்து, கோவென்ட்ரி. இயர் ஒன், ஐந்தரை வயது. பொங்கல் முடிந்து வந்தோம், பிப்ரவரியில் சேர்த்தோம். பாட்டில் கொடுத்தது கொடுத்தபடி வருகிறது. எப்படிக் கேட்டீர்கள்? வீட்டுக்குள் நுழைந்ததும் ஷூவோடு பாத்ரூமுக்குத்தான் ஓடுகிறான்.

தங்கச்சிமடத்து அக்கா:
நினைத்தேன். நானும் இங்கிலாந்தில்தான், ஒரு பிரைமரி ஸ்கூலில் டீச்சிங் அசிஸ்டென்ட். ஊரிலிருந்து வருகிற பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் பார்ப்பேன். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் கிடையாது, வெறும் பேப்பர். போக வேண்டும் என்று கேட்கவும் தெரியாது, போனால் கழுவவும் வழியில்லை. அதனால் தண்ணீரே குடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். காலை வயிற்றுவலி பாதி அதுதான். அடக்கி அடக்கி மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். அப்படி இருந்தால், சிறுநீர் போகும்போது எரிகிறது என்றாலும், டாக்டரிடம் காட்டிவிடு. இந்த சனி ஞாயிறில் வீட்டிலேயே பேப்பரில் பழக்கு. அப்பா செய்து காட்டட்டும், சிரித்துக்கொண்டே செய்தால் போதும். ஈரத்துடைப்பான் (வெட் வைப்ஸ்) கொடுத்துவிட்டால் குப்பைத்தொட்டியில் போடச் சொல், உள்ளே போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

பேசாமலிருப்பது தனி. புது மொழிக்குள் வந்த பிள்ளை முதலில் கேட்டுக்கொண்டே இருக்கும். சில வாரமும் ஆகும், பல மாதமும் ஆகும். பள்ளியில் இதை மௌனக் காலம் என்றே சொல்வோம். இங்கிலீஷ் இன்னும் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளையைச் சிறப்புத் தேவை உள்ளவனாகக் கணக்கெடுக்கக் கூடாது என்று இங்குள்ள அரசு வழிகாட்டியிலேயே இருக்கிறது, அந்தப் பயத்தை விடு. வீட்டிலும் தமிழில் பேச மாட்டேன் என்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை, அல்லது மாதக்கணக்காகியும் வகுப்பில் கையைக் காலை அசைக்காமல் உறைந்து நிற்கிறான் என்றால் அது வேறு கதை, அப்போது பேச்சு சிகிச்சையாளரைக் கேட்க வேண்டும். இவனுக்கு இப்போது அப்படித் தெரியவில்லை.

வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும். காக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம். இங்கே பள்ளிகளே அதைத்தான் சொல்கின்றன. நமக்குத் திணறி வருகிற இங்கிலீஷை அவனிடம் பேசினால் கதையும் போகும், கொஞ்சலும் போகும்.

நாளையே பள்ளி ஆபீஸுக்குப் போன் போட்டு தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேள். இல்லையென்றால் போனில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து வைத்துப் பேசலாம், பையனை மட்டும் நடுவில் நிறுத்தாதே. வீட்டில் அவன் விளையாடிக்கொண்டே பேசுவதை அவனுக்குத் தெரியாமல் ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டு, நாம் ஆயிரம் சொன்னாலும் அந்த ஒரு நிமிஷம் டீச்சருக்குப் போதும். கழிப்பறை, தண்ணீர், உடம்பு சரியில்லை என்று படம் போட்ட அட்டை கேள், காட்டினால் போதும், பேச வேண்டியதில்லை. வருகை எடுக்கும்போது பதில் சொல்லக் கட்டாயப்படுத்தாமல் கையைத் தூக்க விடச் சொல். இடைவேளைக்கு ஒரு பிள்ளையைத் துணைக்குச் சேர்த்துவிடச் சொல், ஒன்று போதும், கூட்டம் வேண்டாம்.

சாயல்குடி அண்ணன் சொன்ன யோசனை இங்கே வேண்டாம். பள்ளி நடக்கும்போது அனுமதியில்லாமல் ஐந்து நாள் எடுத்தாலே அம்மாவுக்கு 80 பவுண்டு, அப்பாவுக்கு 80 பவுண்டு அபராதம் வரலாம். 21 நாளில் கட்டாவிட்டால் ஆளுக்கு 160. ஆறு மாதம் போனால் இடமே போய்விடும்.

கீழக்கரை காக்கா:
வெறும் பேப்பரா! தங்கச்சி, பேசாமல் துபாய்க்கு வந்துவிடுங்கள், இங்கே எல்லா இடத்திலும் தண்ணீர்க் குழாய் உண்டு.

உச்சிப்புளிக்காரி:
போய் வந்தேன். தமிழ் ஆள் கிடைக்கவில்லை, ஆப்பில்தான் பேசினோம், அது ‘வயிறு வலி’யை என்னவோ சொல்லி இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவன் பாத்ரூமே போவதில்லை என்பது டீச்சருக்குத் தெரியவில்லை. வீடியோவைப் பார்த்து ‘இது அவன்தானா’ என்றார். அட்டை இன்றே கழுத்தில் மாட்டிவிட்டார்கள். ஒரு குஜராத்திப் பெண் பிள்ளை துணை. சாப்பாடு இயர் டூ வரை இலவசம் என்பதால் பள்ளிச் சாப்பாடுதான், உருளைக்கிழங்கும் பீன்ஸும் கொடுத்தால் கிழங்கை மட்டும் தின்கிறானாம். அது போகட்டும். பையில் ஒரு பிறந்தநாள் கார்டு வந்திருக்கிறது, குதித்து விளையாடுகிற ட்ராம்போலின் பார்க்காம். விட்டுவிட்டு வர வேண்டுமா, கூட இருக்கலாமா? என்ன வாங்கிக் கொடுப்பது?

தங்கச்சிமடத்து அக்கா:
கார்டில் இருக்கிற நம்பருக்கு வருகிறோம் என்று இன்றைக்கே மெசேஜ் போடு, தலைக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டியிருப்பார்கள். இந்த வயதில் கூடவே இரு, மற்ற அம்மாக்களும் இருப்பார்கள், உனக்கும் நாலு முகம் பழக்கமாகும். பத்து பவுண்டுக்குள் ஒரு விளையாட்டுச் சாமான் போதும்.

பாம்பன் காற்று:
பரிசை அங்கேயே பிரித்துப் பார்க்க மாட்டார்கள், முகத்தைச் சுளித்துவிட்டார்களோ என்று நினைக்காதீர்கள். வழுக்காத சாக்ஸ் கேட்பார்கள். அங்கேயே விற்கும், பையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.