6,400 வரி, ஒரே ஃபைல்: எப்படி பிரிக்கிறது?

வணக்கம். எங்க பிஎச்பி ப்ராஜெக்ட்ல எல்லா ஃபங்ஷனும் ஒரே ஃபைல்ல கெடக்கு, 6,400 வரி, கிட்டத்தட்ட 310 ஃபங்ஷன், எந்தப் பக்கம் தொறந்தாலும் மொத்தமும் லோட் ஆகுது. பிஎச்பி 8.2, லினக்ஸ் சர்வர், ஃப்ரேம்வொர்க் எதுவும் கிடையாது. ரெண்டு வாரமா மல்லுக்கட்டிட்டு இருக்கேன்.

மொதல்ல ஃபங்ஷனுக்கு ஒரு ஃபைல்னு பிரிச்சேன். என் லேப்டாப்ல கண்ணுக்குத் தெரியற அளவுக்கு ஸ்லோ ஆச்சு, சர்வர்ல ஓப்கேஷ் (கம்பைல் ஆன பிஎச்பி கோடை மெமரில வெச்சுக்கற வசதி) ஆன்ல இருக்கறதால அங்க பெருசா வித்தியாசம் தெரியல, ஆனா ஒரு சின்ன மாத்தத்துக்கே ஏழெட்டு ஃபைல் தொறக்க வேண்டியிருக்கு, அது சரிப்படாது. அப்புறம் தேதி, பில், லாகின், மெயில்னு விஷயவாரியா 11 ஃபைலா பிரிச்சு, தேவைப்படற பக்கத்துல மட்டும் ரிக்வயர் ஒன்ஸ் (ஒரு ஃபைலை ஒரே ஒரு தடவ உள்ள இழுக்கற கட்டளை) போட்டேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன். பில் ஃபைல்ல இருக்கற ஒரு ஃபங்ஷன் தேதி ஃபைல்ல இருக்கறத கூப்பிடுது, ரெண்டு பக்கத்துல நல்லா ஓடுது, மூணாவது பக்கத்துல 'கால் டு அன்டிஃபைண்ட் ஃபங்ஷன்'னு, அதாவது அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லன்னு, எரர் விழுந்துடுது. எந்த ஃபைலுக்கு எது வேணும்னு கையால கணக்கு வெச்சு முடியல.

ஆட்டோலோட் (தேவைப்படறப்ப ஃபைலை தானா லோட் பண்ற வசதி) பாத்தேன், அது கிளாஸுக்குத்தான், வெறும் ஃபங்ஷனுக்கு கிடையாது. கம்போசர்ல (பிஎச்பி பேக்கேஜ் மேனேஜர்) 'ஃபைல்ஸ்' பகுதில குடுத்தா ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் எல்லாமே லோட் ஆயிடுது.

ஓப்கேஷ் இருக்கறப்ப 11 ஃபைலையும் எப்பவுமே லோட் பண்ணிடலாமா, இல்ல எல்லாத்தையும் ஸ்டேட்டிக் மெத்தடா (ஆப்ஜெக்ட் உருவாக்காம நேரா கூப்பிடற ஃபங்ஷன்) கிளாஸுக்குள்ள மாத்தி ஆட்டோலோட்ல விடறதுதான் பின்னாடி பராமரிக்க சரியா வருமா?