மாதிரி நேர்காணல் நடத்த ஒரு பேராசிரியர் வேண்டும்

வணக்கம். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடியைச் சேர்ந்த முனைவர் பட்ட ஆய்வாளர்கள் ஆறு பேர் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு மாடியில் கூடிப் படிக்கிறோம். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் (NET) பற்றிக் கவலையில்லை. இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், பழைய வினாத்தாள்களை வைத்தே பழகிவிடலாம். உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்காணல்தான் அச்சுறுத்துகிறது. எங்கள் குடும்பங்களில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நாங்கள்தான் முதல். யாரிடம் கேட்பது?

போன மாதம் எங்களில் ஒரு தங்கை, ஐந்தாண்டு உழைத்த ஆய்வை இரண்டே நிமிடத்தில் சொல்லச் சொன்னதும் திகைத்து நின்றுவிட்டாள். அத்தனை நல்ல ஆய்வு அது! எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

தேர்வுக் குழுவில் இருந்த அனுபவமுள்ள ஐயா, அம்மா யாரேனும், ஓய்வு பெற்றவர்களானாலும், இரண்டு ஞாயிறு வந்து எங்களைக் கேள்வி கேட்பீர்களா? தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்துக்கு நானே வந்து அழைத்துச் செல்கிறேன்.