படிச்சது தங்கணும்னா: குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து

யாழினி அக்கா: *பார்வர்ட் செய்யப்பட்டது* "21 நாளில் வாழ்க்கையே மாறும்! தினமும் செய்யுங்கள், பழக்கம் தானாக ஒட்டிக்கொள்ளும்!"

யாழினி அக்கா: இதைப் பார்த்துட்டுத்தான் கவின் நாலு சுயமுன்னேற்றப் புத்தகத்தை ஒரே நேரத்துல ஆரம்பிச்சிருக்கான். செல்வி அத்தை, இந்த 21 நாள் கணக்கு சரியா?

செல்வி அத்தை: சரியில்லம்மா. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல எழுதின புத்தகத்துலேர்ந்து கிளம்பின கணக்கு அது. ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்குத் தன் புது முகம் பழகக் குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு எழுதினார். கைமாறிக் கைமாறி வந்ததுல "குறைஞ்சது" விழுந்துபோச்சு. முகம் இருந்த இடத்துல எல்லாப் பழக்கமும் வந்து உட்கார்ந்துடுச்சு.

செல்வி அத்தை: லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனிச்சாங்க. பழக்கம் தானா வர ஆன நாள் ஆளுக்கு ஆள் 18லேர்ந்து 254 வரைக்கும் போச்சு, நடுவுல நிக்கிற எண் 66. அந்த 254 கூட 12 வாரத் தரவை வச்சு நீட்டிப் போட்ட கணக்குதான். நடுவுல ஒரு நாள் விட்டவங்களுக்குப் பெரிய பின்னடைவு எதுவும் இல்ல. 21ங்கிற எண்ணை நம்பினவங்க 22வது நாள் "நமக்கு வரல"ன்னு விட்டுடறாங்க, அதுதான் எனக்கு வருத்தம்.

கவின்: அப்போ இந்தப் புத்தகங்களே வேண்டாமா அத்தை?

செல்வி அத்தை: படிடா. ஆனா ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு செயல்தான் எடுக்கணும். அதையும் "இது நடந்தா, இதைச் செய்வேன்"னு எழுதி வை. பீட்டர் கோல்விட்சர்ங்கிற உளவியலாளர் 1999ல இந்த முறையை விளக்கி எழுதினார். "இனிமே பொறுமையா இருப்பேன்"கிறது வெறும் ஆசை. "மீட்டிங்ல யாராவது என் பேச்சை வெட்டினா, அவங்க சொல்ற கடைசி வரியை எழுதிட்டுத்தான் வாயைத் திறப்பேன்"னு எழுதினா அது திட்டம். கோபம் வர்ற நேரத்துல உக்காந்து யோசிக்க முடியாது, முடிவை முன்னாடியே எடுத்து வச்சிருக்கணும்.

யாழினி அக்கா: "நேரம் கிடைச்சா நடப்பேன்"னு எழுதலாமா?

செல்வி அத்தை: கூடாது. நேரம் கிடைக்கிறது கண்ணுக்குத் தெரியாது. பல் தேய்ச்சு பிரஷ்ஷை வைக்கிறது, லேப்டாப்பை மூடுறது மாதிரி தினமும் நடக்கிற, கண்ணால பார்க்கிற ஒண்ணோட கட்டணும். பெரும்பாலும் திட்டம் சறுக்குறது இங்கதான்.

கவின்: நான் ஹைலைட்டர் போட்டுத்தான் படிக்கிறேன். ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா ஒண்ணும் ஞாபகம் இல்ல.

செல்வி அத்தை: மஞ்சள் அடிச்ச வரியைத் திரும்பப் பார்க்கிறப்போ தெரிஞ்ச மாதிரி இருக்கும். அந்தத் தெரிஞ்ச உணர்வுதான் ஏமாத்துது. ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு உளவியலாளர்கள் 2006ல வெளியிட்ட ஆய்வுல, ஒரு குழு பாடத்தை நாலு சுற்று படிச்சுது. இன்னொரு குழு ஒரு சுற்று படிச்சிட்டு, மூணு தடவை பார்க்காம நினைவுலேர்ந்து எழுதிச்சு. 5 நிமிஷத்துல சோதிச்சப்போ படிச்சவங்க முந்தினாங்க, 83க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழிச்சு அப்படியே தலைகீழ். படிச்சவங்களுக்கு 40, எழுதினவங்களுக்கு 61. இதுல நல்லா ஞாபகம் இருக்கும்னு அதிகமா நம்பினது, நாலு சுற்று படிச்சவங்கதான்.

கவின்: அப்போ எப்படிச் செய்யணும்?

செல்வி அத்தை: அத்தியாயம் முடிஞ்சதும் புத்தகத்தை மூடிடு. ஒரு வெள்ளைத்தாள், 5 நிமிஷம். ஆசிரியர் என்ன சொல்றார், எதை வச்சுச் சொல்றார், எந்த இடத்துல உனக்கு உடன்பாடு இல்ல, இதெல்லாம் உன் வார்த்தையில எழுது. திணறும், திணறட்டும், அந்தத் திணறல்லதான் மனசுல பதியுது. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேற கலர் மையில சேரு. மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை பழைய தாளைப் பார்க்காம திரும்ப எழுது. ஆடியோவா கேட்டாலும் இதேதான், நிறுத்திட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாரு.

பெரியப்பா: செல்வி, தன்வரலாற்றுக்கு இந்த முறை ஒத்துவராது. முதல் வாசிப்புல பேனாவே எடுக்கக் கூடாது. பாடம் தேடிக்கிட்டே போனா அந்த மனுஷன் தப்பிப் போயிடுவான்.

செல்வி அத்தை: முதல் வாசிப்புக்கு ஒத்துக்கிறேன் அண்ணே. ரெண்டாவது வாசிப்பு?

பெரியப்பா: அப்போ ஒரு காலக்கோடு போடணும். வருஷம், வயசு, எடுத்த முடிவு, அப்போ கையில இருந்த பணம், கூட நின்னவங்க. "எல்லாத்தையும் உதறிட்டு வெளியே வந்தேன்"னு ஒரு வரி வரும். அந்த மாசம் அவர் சாப்பிட்டது யார் சம்பாத்தியத்துலன்னு பார்த்தா, நாப்பது பக்கத்துக்கு முன்னாடி ஒரு அண்ணனோ மனைவியோ ஒரே வரியில வந்துட்டுப் போயிருப்பாங்க. முடிவை மட்டும் காப்பியடிச்சவன், அந்த ஆள் இல்லாம மாட்டிக்கிறான்.

பெரியப்பா: எங்க தாவுதுன்னும் பாருங்க. மூணு வருஷத்தை ஒரு பத்தியில கடந்தா அங்க ஒரு காரணம் இருக்கும். எப்போ எழுதினதுங்கிறதும் முக்கியம். காந்தி தன்வரலாற்றை 1925லேர்ந்து 1929 வரைக்கும் நவஜீவன் பத்திரிகையில வாராவாரம் எழுதினார். கதை 1920களோட தொடக்கத்துலயே நின்னுடுது. சின்ன வயசுச் சம்பவங்களை ஐம்பத்தைஞ்சு வயசுக்கு மேல நினைவுலேர்ந்து எழுதுறார். பொய்னு சொல்லல. ஆனா நினைவு, பின்னாடி வந்த வாழ்க்கையோட வெளிச்சத்துலதான் பழசைப் பார்க்கும். அதையும் சேர்த்துப் படிக்கணும்.

ரவி சித்தப்பா: அண்ணன் சொன்ன "கூட நின்ன ஆள்" விஷயம்தான் சமூக விமர்சனப் புத்தகங்களோட மையமே. மிட்டாய்ச் சோதனை தெரியுமா கவின்? காத்திருந்தா இன்னும் அதிகமாத் தருவோம்னு சொல்லி முன்னாடி வச்ச மார்ஷ்மெல்லோ மிட்டாயை உடனே சாப்பிடாமக் காத்திருந்த குழந்தைங்க பின்னாடி நல்லாப் படிச்சாங்கன்னு பாதி சுயமுன்னேற்றப் புத்தகத்துல வரும்.

கவின்: ரெண்டு புத்தகத்துல படிச்சிட்டேன் சித்தப்பா.

ரவி சித்தப்பா: மூல ஆய்வுல இருந்தது ஸ்டான்ஃபோர்டு வளாக நர்சரிக் குழந்தைங்க. 2018ல வாட்ஸ், டங்கன், குவான்னு மூணு ஆய்வாளர்கள் 900க்கு மேல, பல பின்னணிக் குழந்தைகளோட தரவை எடுத்துப் பார்த்தாங்க. காத்திருந்ததுக்கும் பின்னாடி படிச்சதுக்கும் இருந்த தொடர்போட அளவு ஏறக்குறைய பாதியாச்சு. வீட்டுச் சூழல், ஆரம்பகால அறிவுத்திறன் எல்லாத்தையும் கணக்குல எடுத்ததும் மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கு கரைஞ்சுது. மனவுறுதின்னு நாம படிச்சதுல பெரும்பங்கு வீட்டு நிலைமை மாதிரி விஷயங்கள்தான்.

ரவி சித்தப்பா: அதே நேரம் சமூக விமர்சன நூலையும் சும்மா நம்பக் கூடாது. "இரண்டு மடங்கு ஆனது"ன்னா எந்த வருஷத்துலேர்ந்துன்னு பாரு. மோசமான வருஷத்தைத் தொடக்கமா வச்சா எதுவும் ஏறுமுகம்தான். 1 லட்சத்துல ஒருத்தர் ரெண்டு பேரானாலும் ரெண்டு மடங்குதான். சராசரி வருமானம் சொன்னா இடைநிலை, அதாவது எல்லாரையும் வரிசையா நிக்க வச்சா நடுவுல வர்றவரோட வருமானம், எவ்வளவுன்னு தேடு, ஒரு கோடீஸ்வரர் சேர்ந்தாலே சராசரி எகிறிடும். அப்புறம் பின்குறிப்புப் பக்கத்துக்குப் போ. பெரிய கூற்றுக்குக் கீழ ஆய்வுக்குப் பதிலா ஒரு நாளிதழ்க் கட்டுரை மட்டும் இருந்தா, பென்சில்ல ஒரு கேள்விக்குறி போட்டு வை.

யாழினி அக்கா: அப்போ கவின் நாலு புத்தகத்தையும் என்ன பண்ணணும்?

செல்வி அத்தை: ஒரே கேள்வியை எடுக்கணும். உனக்கு எது இப்போ அழுத்துது?

கவின்: வேலைச் சோர்வு.

செல்வி அத்தை: நாலுலயும் பொருளடக்கம், அந்தச் சோர்வு பத்தின அத்தியாயம் மட்டும் பாரு. எந்தப் புத்தகம் படிப்படியா என்ன செய்யணும்னு சொல்லி, "இது இன்னாருக்கு உதவாது"ன்னும் சொல்லுதோ அதை வச்சுக்கோ. அப்படிச் சொல்லாததைத் திருப்பி அலமாரியில வை. கூட ஒரு தன்வரலாறு, ஒரு சமூக நூல், ரெண்டும் அதே விஷயத்துல.

பெரியப்பா: முதல்ல தன்வரலாறு.

ரவி சித்தப்பா: அண்ணே, முதல்ல சமூக நூல். தன் குத்தம் எது, வேலை அமைப்போட குத்தம் எதுன்னு பிரிச்சுக்காம ஆரம்பிச்சா, ஆளே இல்லாத ஆபீஸ்ல மூணு பேர் வேலையைச் செஞ்சுக்கிட்டு மூச்சுப்பயிற்சியை மாத்திக்கிட்டே இருப்பான்.

பெரியப்பா: அதுவும் நியாயம்தான்.

செல்வி அத்தை: ஒண்ணு கவனிச்சுக்கோ கவின். பிடிச்ச விஷயத்துல கூட நாட்டமில்லாம, தூக்கம் பசி கெட்டு, நாள் பூரா மனசு இருண்டு ரெண்டு வாரம் நீடிச்சா புத்தகத்தை வச்சுட்டு டாக்டரைப் பாரு. அந்த நேரத்துல "நீ நினைச்சா முடியும்"னு படிக்கிறது ஆளை இன்னும் கீழ தள்ளும்.

கவின்: அந்த அளவுக்கு இல்ல அத்தை. சமூக நூலை இன்னிக்கு ராத்திரி ஆரம்பிக்கிறேன். வெள்ளைத்தாளை நோட்டுல எழுதலாமா, தனித் தாளா?

செல்வி அத்தை: தனித் தாள். நோட்டுன்னா கை தன்னால முந்தின பக்கத்தைப் புரட்டிடும். மேல் மூலையில தேதி, அத்தியாய எண் போடு.