எல்டாப் உள்நுழைவு: பழைய கடவுச்சொல் ஏற்கப்படுகிறது, புதியது மறுக்கப்படுகிறது

கேள்வி: ஆய்வகப் பொறுப்பாளர்

வணக்கம். ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். மொத்தம் 62 கணினிகள், அனைத்திலும் உபுண்டு. மாணவர் கணக்குகள் எல்லாம் ஒரே ஓப்பன்எல்டாப் சர்வரில் (எல்டாப் முறையில் கணக்குகளை ஓரிடத்தில் வைத்திருக்கும் டைரக்டரி) உள்ளன. ஒவ்வொரு கணினியும் எஸ்எஸ்எஸ்டி என்ற உள்நுழைவுச் சேவை வழியாக அந்த சர்வரிடம் கேட்டுத்தான் மாணவரை உள்ளே விடுகிறது. சென்ற ஆண்டு நானே அமைத்தது. விடுமுறை வரை ஒரு குறையும் இல்லை.

கல்லூரி திறந்த நாளிலிருந்து நடப்பது எனக்குப் பிடிபடவில்லை. சென்ற வாரம் கணக்கு உருவாக்கிக் கொடுத்த முதலாமாண்டு மாணவர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களோ வழக்கம்போல் நுழைகிறார்கள். கடவுச்சொல் மறந்துவிட்டதென்று வந்த ஒரு மாணவிக்கு என் மேசையிலேயே புதியதை அமைத்துக் கொடுத்தேன். அவர் 14ஆம் எண் கணினியில் உட்கார்ந்து அதைத் தட்டினார், மறுக்கப்பட்டது. இதற்குள் பழையது நினைவுக்கு வந்துவிட, அதைத் தட்டிப் பார்த்தார், திரை திறந்துகொண்டது. என் கண்ணெதிரே இரண்டு முறை இது நடந்தது.

கடைசி வரிசையில் உள்ள 4 கணினிகளில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது. முதலாமாண்டு மாணவர்களும் அங்கே நுழைகிறார்கள், புதிய கடவுச்சொல்லும் அங்கே செல்லுகிறது. அந்த வரிசைக்குத் தனி சுவிட்ச் என்பதால் நெட்வொர்க்கைச் சந்தேகித்து, கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. சர்வரில் அமர்ந்து எல்டாப்சர்ச் என்ற தேடல் கட்டளை கொடுத்தால் எல்லாக் கணக்குகளும் வருகின்றன. அந்த மாணவியின் புதிய கடவுச்சொல்லை வைத்து அங்கேயே சோதித்தால் அதுவும் ஏற்கப்படுகிறது.

என்னை உறங்கவிடாத செய்தி வேறொன்று. மே மாதத்தில் படிப்பை முடித்துச் சென்றவர்களின் கணக்குகளை அப்போதே டைரக்டரியிலிருந்து நீக்கிவிட்டேன். மதிப்பெண் பட்டியல் வாங்க வந்த அவர்களில் ஒருவர் நேற்று ஆய்வகத்தில் உட்கார்ந்து, பழைய கணக்கில் இயல்பாக வேலை செய்துகொண்டிருந்தார். இல்லாத கணக்கு எப்படி உள்ளே விடுகிறது?

மறுமொழி 1: தென்றல்

எஸ்எஸ்எஸ்டியின் கேஷ் (கணினியிலேயே அது சேமித்து வைக்கும் நகல்) கெட்டுப்போயிருக்கிறது. சேவையை நிறுத்திவிட்டு, வார்-லிப்-எஸ்எஸ்எஸ்-டிபி அடைவில் இருக்கும் கோப்புகளை நீக்கி, மறுபடி தொடங்குங்கள். எனக்கு இருமுறை இது கைகொடுத்திருக்கிறது.

மறுமொழி 2: பழைய சர்வர்காரர்

தயவுசெய்து அதை இப்போது செய்யாதீர்கள். மேலே எழுதிய நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் உங்கள் நிலையில் அந்தக் கேஷ் ஒன்றுதான் மாணவர்களை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறது. அதை நீக்கினால் 58 கணினிகளிலும் ஒருவர்கூட நுழைய முடியாது.

நீங்கள் சொன்ன அறிகுறிகள் எல்லாம் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. அந்த 58 கணினிகளும் சர்வரோடு பேசவே இல்லை. எஸ்எஸ்எஸ்டி இணைப்பற்ற நிலைக்குப் போய்விட்டால், முன்பு அதே கணினியில் வெற்றிகரமாக நுழைந்தவரின் கடவுச்சொல்லை ஹாஷ் வடிவில் (திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றி) சேமித்து வைத்திருப்பதைக் கொண்டு, தானே சரிபார்த்து உள்ளே விடும். பழைய மாணவர்கள் நுழைவதும், அங்கே ஒருமுறைகூட நுழைந்திராத முதலாமாண்டு மாணவர்கள் நுழைய முடியாததும், சர்வரில் மாற்றிய கடவுச்சொல் 14ஆம் எண்ணுக்குத் தெரியாததும், நீக்கிய கணக்கு இன்னும் உயிரோடு இருப்பதும் இதனால்தான். கேஷ் கெட்டுப்போகவில்லை, எந்த வேலைக்கு வைத்தார்களோ அதைச் சரியாகச் செய்கிறது.

இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. 14ஆம் எண் கணினியில் ஒரு பழைய மாணவரை நுழையச் சொல்லி, டெர்மினலில் பாஸ்வேர்டு கட்டளையைக் கொடுக்கச் சொல்லுங்கள். கணினி இணைப்பற்ற நிலையில் இருப்பதால் கடவுச்சொல்லை மாற்ற முடியாது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். எஸ்எஸ்எஸ்சிடிஎல் கருவியின் டொமைன்-ஸ்டேட்டஸ் கட்டளையும் நேரடியாக ஆஃப்லைன் என்றே காட்டும்.

சர்வரில் செய்த சோதனை ஏன் வெற்றி பெற்றது என்பதையும் பார்க்க வேண்டும். உள்ளுக்குள்ளேயே கேட்கும்போது மறைகுறியாக்கம் இல்லாத வழியில் போயிருப்பீர்கள். எல்டாப்பின் எளிய பைண்டில், அதாவது பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் படியில், கடவுச்சொல் மூடாமல் அப்படியே கம்பியில் போகும். ஆகவே டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கம் இல்லாத இணைப்பில் கடவுச்சொல்லைச் சரிபார்க்க எஸ்எஸ்எஸ்டி மறுத்துவிடும். அதே சோதனையை 14ஆம் எண்ணிலிருந்து, டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்கும் இரட்டை இசட் (-ZZ) விருப்பத்துடன் செய்யுங்கள். அங்கே அது தோற்கும் என்று நினைக்கிறேன். சர்வரின் பதிவேட்டின் விவர அளவை 256 என்று வைத்தால் இணைப்பு வருவதும், டிஎல்எஸ்ஸைத் தொடங்கும் ஸ்டார்ட்டிஎல்எஸ் கேட்பதும், பைண்ட் என்ற வரி வராமலே இணைப்பு மூடப்படுவதும் தெரியும். கடவுச்சொல் தவறென்றால் 49 என்ற பிழை எண் பதிவாகியிருக்க வேண்டும். அது இல்லை என்றால், கடவுச்சொல் அதுவரை போய்ச் சேரவே இல்லை.

ஓராண்டுக்கு முன் நீங்களே அமைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். டிஎல்எஸ் இணைப்பில் சர்வர் தன் அடையாளத்தை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழுக்கு 365 நாள் ஆயுள் கொடுத்திருந்தீர்களா? அது காலாவதியானால் கணினிகள் இணைப்பை மறுத்துவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியைக் கொண்டு அதன் முடிவுத் தேதியைப் பாருங்கள். கடைசி வரிசை 4 கணினிகள் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு மட்டும் இப்போது என்னிடம் விடை இல்லை.

கேட்டவரின் மறுமொழி: ஆய்வகப் பொறுப்பாளர்

ஐயா, நீங்கள் சொன்னதேதான். சான்றிதழ் 11 நாட்களுக்கு முன் காலாவதியாகியிருக்கிறது. 365 நாள்தான் கொடுத்திருந்தேன். பாஸ்வேர்டு கட்டளைக்கு வந்த அந்த வரியை ஒரு மாணவர் முதல் நாளே என்னிடம் காட்டினார். நான் அதை ஊன்றிப் படிக்காமல் அவரை அனுப்பிவிட்டேன் என்பது இப்போது வருத்தமாக இருக்கிறது.

புதிய சான்றிதழ் போட்டதும் சர்வர் எழ மறுத்தது. அரை மணி நேரம் திணறிய பிறகு தெரிந்தது, சான்றிதழின் தனித்திறவுகோல் கோப்பு நிர்வாகப் பயனரான ரூட் மட்டுமே படிக்கும்படி 600 என்ற அனுமதியில் இருந்தது. ஓப்பன்எல்டாப்பின் சர்வர் நிரலான எஸ்எல்ஏபிடி ஓடுவதோ ஓப்பன்எல்டாப் என்ற பயனராக. கோப்பின் குழுவை ஓப்பன்எல்டாப்புக்கு மாற்றி, அனுமதியைக் குழுவும் படிக்கும்படி 640 ஆக்கியதும் எழுந்துவிட்டது. இந்த இழையைப் பின்னாளில் தேடி வருபவருக்கு உதவும் என்றே இதைக் குறிப்பிடுகிறேன்.

இப்போது 58 கணினிகளும் சரியாக வேலை செய்கின்றன. நேற்று வரை சரியாக இருந்த கடைசி வரிசை 4 மட்டும் இன்று முதலாமாண்டு மாணவர்களை மறுக்கத் தொடங்கிவிட்டன! சான்றிதழைத் தவிர வேறு எதையும் நான் தொடவில்லை.

மறுமொழி 3: செவ்வந்தி

அந்த 4 கணினிகளின் தேதியைப் பாருங்கள். நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது, நாளையும் மாதத்தையும் பாருங்கள். சான்றிதழ் செல்லுமா என்பதைக் கணினி தன் கடிகாரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. அந்தக் கடிகாரம் 11 நாட்களுக்கும் மேல் பின்தங்கியிருந்தால், காலாவதியான சான்றிதழ் அதற்கு இன்னும் உயிருள்ள சான்றிதழ்தான். நேற்றுப் பிறந்த சான்றிதழோ இன்னும் பிறக்கவே இல்லை. மற்றவை தவறியபோது அவை சரியாக இருந்ததும், மற்றவை சரியானபோது அவை தவறியதும் ஒரே காரணத்தால் இருக்கக்கூடும்.

கேட்டவரின் மறுமொழி: ஆய்வகப் பொறுப்பாளர்

அம்மா, உங்கள் கணிப்பு அப்படியே பலித்தது. நான்கும் 30 நாட்களுக்கு மேல் பின்தங்கியிருந்தன. விடுமுறையில் ஆய்வகத்தின் மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்தி வைத்திருந்தோம். இந்த நான்கும் பழைய கணினிகள், மதர்போர்டு பேட்டரி வலுவிழந்து, மின்சாரம் இல்லாத நாட்களில் கடிகாரம் நின்றேபோயிருக்கிறது. மற்றவற்றில் நேர ஒத்திசைவு உடனே திருத்திக்கொள்கிறது. இவற்றில் அந்தச் சேவையே நிறுவப்படவில்லை. நான்கு சிஆர்2032 பேட்டரிகள் வாங்கி மாற்றி, நேர ஒத்திசைவுக்குக் குரோனியையும் நிறுவினேன். இப்போது எல்லாரும் நுழைகிறார்கள்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நீக்கிய கணக்கு இனி ஒருபோதும் இப்படி நுழையக்கூடாது. கேஷையே அணைத்துவிடலாமா? இன்னொரு தளத்தில் ஒருவர், சான்றிதழ் சரிபார்ப்பையே நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை வராது என்று எழுதியிருந்தார்.

மறுமொழி 4: பழைய சர்வர்காரர்

சரிபார்ப்பை நிறுத்தாதீர்கள். அதை நிறுத்தினால் ஆய்வக நெட்வொர்க்கில் யாரோ ஒருவர் தன் மடிக்கணினியை உங்கள் சர்வர் என்று காட்டிக்கொண்டு, நுழைய முயலும் ஒவ்வொரு மாணவரின் கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் சேகரிக்க முடியும். உங்களுக்கு நேர்ந்த இடையூறு அதைவிடப் பல மடங்கு சிறியது.

கேஷைப் பற்றி என் கருத்து இது. வெளியே எடுத்துச் செல்லும் மடிக்கணினிகளுக்கு அது மிகவும் தேவை; மேசையைவிட்டு நகராத, கேபிளிலேயே இருக்கும் ஆய்வகக் கணினிக்கு அவ்வளவு தேவையில்லை. கடவுச்சொல்லைச் சேமிப்பது எஸ்எஸ்எஸ்டியின் இயல்பான அமைப்பு அல்ல; இணையத்தில் உலவும் மாதிரி அமைப்புக் கோப்புகள் பலவற்றில் அது இயக்கப்பட்டிருப்பதால், நகலெடுக்கும்போது நம்மிடம் வந்துவிடுகிறது. இயக்கிவிட்ட பிறகு அந்தச் சேமிப்பு எத்தனை நாள் செல்லும் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 0. அதற்கு எல்லையே இல்லை என்று பொருள். மே மாதத்தில் நீக்கிய கணக்கு இன்றும் நுழைந்தது அதனால்தான். அந்த மதிப்பை 1 என்று வைத்தால், சர்வரிடம் கடைசியாகச் சரிபார்த்து ஒரு நாள் கடந்ததும் கேஷை நம்ப மறுத்துவிடும். ஒரு மாலைப் பொழுது சர்வர் பழுதானாலும் மாணவர்களின் செய்முறைத் தேர்வு நின்றுபோகாது; 11 நாள் யாருக்கும் தெரியாமல் ஓடவும் ஓடாது. முழுவதும் அணைப்பதைவிட இதையே நான் விரும்புவேன்.

சான்றிதழுக்கு, ஓப்பன்எஸ்எஸ்எல்லில், குறித்த காலத்துக்குள் அது முடிந்துவிடுமா என்று பார்க்கும் செக்எண்டு என்ற விருப்பம் உண்டு. 2592000 விநாடி, அதாவது 30 நாள் என்று கொடுத்து நாள்தோறும் கிரான் என்ற நேர அட்டவணைச் சேவையில் ஓடவிட்டு, அது தோற்றால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும்படி செய்துவிடுங்கள். இரண்டாவது சர்வர் வைக்கும் எண்ணம் இருந்தால், இரண்டின் சான்றிதழ்களும் ஒரே நாளில் முடியாதபடி சில மாத இடைவெளியில் வழங்குங்கள். ஒரே நாளில் முடிந்தால் இரண்டாவது சர்வர் இருந்தும் இல்லாததுதான்.

நீக்கிய மாணவர்களின் யுஐடி எண்களை (கோப்பு யாருடையது என்று கணினி அறியும் பயனர் எண்) முதலாமாண்டு மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டீர்களா என்பதையும் ஒருமுறை பாருங்கள். அப்படிக் கொடுத்திருந்தால், ஹோம் அடைவுகளில் மிச்சமிருக்கும் பழையவர்களின் கோப்புகள் இப்போது புதியவர்களுக்குச் சொந்தமாகிவிடும்.

கேட்டவரின் மறுமொழி: ஆய்வகப் பொறுப்பாளர்

எண்களைப் பார்த்தேன், 7 எண்கள் அப்படித் திரும்பக் கொடுக்கப்பட்டிருந்தன. அந்த 7 மாணவர்களுக்கும் புதிய எண்கள் கொடுத்து, அவர்கள் இந்த வாரம் உருவாக்கிய கோப்புகளின் உரிமையையும் மாற்றிவிட்டேன். பழையவர்களின் கோப்புகளைத் தனி வட்டில் ஒதுக்கி வைத்திருக்கிறேன், கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்கலாம். கேஷின் ஆயுளையும் ஒரு நாளாக்கினேன்.

மே மாதத்தில் நீக்கிய கணக்கிலிருந்து, அதற்குரிய மாணவரே முன்வந்து, இன்று மாலை 14ஆம் எண்ணில் என் முன்னிலையில் நுழைய முயன்றார். மறுக்கப்பட்டது. உதவிய மூவருக்கும் நன்றி.