அரிசிக் கடையிலும் நாசி கண்டார் கடையிலும் கேட்ட உலகச் செய்திகள்

"உலகச் செய்தியெல்லாம் படித்து உனக்கு என்ன ஆகப் போகிறது?" என்று வீட்டில் கேட்பதாக இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். நான் பினாங்கில் பொருளியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி. ஊர் கெடாவில் பீடோங் பக்கம். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் தோட்டத்துக் குடும்பம். காலையில் பசியாறும் நேரத்தில் வெளிநாட்டுச் செய்திகளைப் படித்துவிட்டுத்தான் வகுப்புக்குக் கிளம்புவேன். நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு உலக நிகழ்வுகள் செய்தியாக வந்து சேர்வதற்கு முன்பே விலையாகவும் வேலைக் கவலையாகவும் வந்துவிடுகின்றன. அவற்றைச் செய்தியாகவே முன்கூட்டி அறிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு உண்டு. அந்தப் பிடிவாதத்தை வளர்த்தவர்கள் பினாங்கில் நான் பேசிப் பழகிய சிலர். அவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

2023 அக்டோபரில் கெலுகோரில் தோழிகளோடு வாடகை வீட்டில் சேர்ந்தபோது அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. உள்ளூர் வெள்ளை அரிசி பத்துக் கிலோ 26 ரிங்கிட் என்று அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருந்தது. அந்த விலையில் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. பேரங்காடிகளில் அதற்கான அடுக்குகள் வெறுமையாகக் கிடந்தன. கெடாக்காரிக்கு இது எப்படி விளங்கும்? பீடோங்கிலிருந்து அலோர் ஸ்டார் போகும் வழியெல்லாம் நெல்வயல்தானே!

லெபோ பாசாரில் பல ஆண்டுகளாக மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் ஐயாவிடம் கேட்டேன். "காரணத்தை இங்கே தேடாதே அம்மா. ஜூலையில் டில்லியில் போட்ட உத்தரவு இது" என்றார். தராசுக்குப் பின்னால் நின்றபடியே அவர் சொன்னதை எங்கள் விரிவுரைகளில்கூட அவ்வளவு கோவையாகக் கேட்டதில்லை. 2023 ஜூலை 20ஆம் தேதி பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை ஏற்றுமதி செய்ய இந்தியா தடை விதித்தது. உலக அரிசி ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தியாவுடையது. தடை வந்ததும் தாய்லாந்திலும் வியட்நாமிலும் விலை ஏறியது. நம் நாட்டில் அரிசி இறக்குமதி உரிமை பெர்னாஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. அது செப்டம்பர் 1ஆம் தேதி இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. இறக்குமதி அரிசி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் விலைக் கட்டுப்பாடு உள்ள உள்ளூர் அரிசியின் பக்கம் திரும்பினார்கள். அது மறைந்துபோனது. கெடாவில் எவ்வளவு விளைந்தாலும், விலை இடைவெளி அப்படி இருந்தால் கடையில் அரிசி நிற்காது என்றார் அவர்.

நம் வீடுகளில் பொங்கும் பொன்னி பெரும்பாலும் புழுங்கல். அதற்குத் தடை இல்லை. ஆனால் ஆகஸ்ட் 25 முதல் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டார்கள். தமிழ்நாட்டு ஆலையிலிருந்து அன்று இரவே தமக்கு அழைப்பு வந்ததாக ஐயா சொன்னார். மறுநாள் நாளிதழில் அது ஓர் ஓரச் செய்தி.

"எப்போது தடையை எடுப்பார்கள், ஐயா?"

"அடுத்த வருடம் அங்கே பொதுத்தேர்தல். விலை ஏறினால் ஓட்டுப் போய்விடும். அது முடியும்வரை எடுக்கமாட்டார்கள்."

அந்த அக்டோபரிலேயே சில நாடுகளுக்கு மட்டும் சிறப்பு அனுமதி கிடைத்தது; அதில் மலேசியாவின் பங்கு 1,70,000 டன். பொதுவான தடை 2024 செப்டம்பர் இறுதியில்தான் நீங்கியது. தேர்தல் ஜூனில் முடிந்திருந்தது. ஒரு நாட்டின் வெளிவர்த்தக முடிவுக்குப் பின்னால் அதன் உள்நாட்டுச் சமையலறை இருக்கிறது என்பதை அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு எந்த நாட்டுத் தலைவர் எதை அறிவித்தாலும், அங்கே அடுத்த தேர்தல் எப்போது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஆனால் என் வாசிப்பை ஆழமாக மாற்றியது 2024 ஜூலை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நாசி கண்டார் கடையில் (சோறும் கறியும் விற்கும் உணவகம்) தட்டுகள் எடுக்கும் வேலையில் ஒரு வங்காளதேசத்துக்காரர் இருந்தார். குமில்லா மாவட்டத்தவர். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். நான் அவரை 'அபாங்' (அண்ணன்) என்பேன், அவர் என்னை 'அடிக்' (தங்கை) என்பார். அவருடைய தம்பி டாக்காவில் படித்துக்கொண்டிருந்தான். அரசாங்க வேலையில் விடுதலைப் போராட்ட வீரர்களின் வாரிசுகளுக்கு 30 விழுக்காடு ஒதுக்கும் முறையை அங்கே உயர்நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்ததால் மாணவர் போராட்டம் வெடித்திருந்தது. தம்பிக்கு அரசுத் தேர்வு எழுத வேண்டும் என்பது கனவு. அந்தக் கனவுக்குப் பணம் அனுப்பியவர் இந்த அபாங். தாம் இங்கே வருவதற்கு வாங்கிய கடனையும் அவர்தான் அடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 18 இரவு வங்காளதேசத்தில் இணையத்தைத் துண்டித்தார்கள். இமோ செயலியில்தான் அவர் வீட்டோடு பேசுவார். அது ஓய்ந்துபோனது. மறுநாள் போனபோது கைப்பேசியை மேசை மேல் நிமிர்த்தி வைத்துவிட்டு மேசை துடைத்துக்கொண்டிருந்தார். "ஆங்கிலச் செய்தியில் என்ன போட்டிருக்கிறது, அடிக்?" என்று கேட்டார். நான் என் கைப்பேசியில் இருந்ததைப் படித்து மலாயில் சொன்னேன். டாக்காவில் மோதல், இத்தனை பேர் பலி, ஊரடங்கு வரக்கூடும். அவர் குறுக்கிட்டு, "டாக்காவில் எங்கே?" என்றார். செய்தியில் அது இல்லை. டாக்கா என்று மட்டுமே இருந்தது. தம்பி தங்கியிருந்தது ஜாத்ராபாரியில்.

அன்று இரவு முழுக்க ஜாத்ராபாரி, ராம்புரா, மிர்பூர், உத்தரா என்று பகுதிப் பெயர்களைத் தட்டித் தேடினேன். பெரிய நிறுவனங்களின் தலைப்புச் செய்திகளில் எதுவும் கிடைக்கவில்லை. கட்டுரைகளின் கடைசிப் பத்திகளில், படத்துக்குக் கீழே இருக்கும் ஒற்றை வரிகளில் கிடைத்தன. ஜாத்ராபாரியில் நிலைமை மிக மோசம் என்று தெரிந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன், சொன்னேன். மறைத்தால் அவர் என்னிடம் கேட்டதற்கே பொருள் இல்லாமல் போயிருக்கும். அவர் தலையாட்டிவிட்டு மேசை துடைக்கப் போனார். அவருக்கு அன்று விடுப்புக் கொடுக்க யாரும் இல்லை.

சில நாட்கள் கழித்து ஒரு சாதாரணத் தொலைபேசி அழைப்பு கிடைத்தது. தம்பி உயிரோடு இருந்தான். அதற்குள் ஜூலை 21ஆம் தேதி அங்குள்ள உச்ச நீதிமன்றம் இட ஒதுக்கீட்டை மொத்தம் 7 விழுக்காடாகக் குறைத்திருந்தது. போராட்டம் அதோடு நிற்கவில்லை, ஏனென்றால் அதற்குள் நிறையப் பிள்ளைகள் இறந்துபோயிருந்தார்கள். வெளிநாடுகளில் இருக்கும் வங்காளதேசிகள் வங்கி வழியாக ஊருக்குப் பணம் அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்று ஓர் அழைப்பு பரவியது. அபாங் நிறுத்தினார். "எங்கள் பணத்தில்தானே அரசாங்கம் டாலர் வைத்திருக்கிறது" என்றார். அந்த ஜூலையில் அந்நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த பணம் குறைந்ததைப் பிறகு செய்தியில் படித்தபோது, அந்தப் புள்ளிவிவரத்தில் கெலுகோரில் தட்டு எடுக்கும் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆகஸ்ட் 5ஆம் தேதி ஷேக் ஹசினா பதவி விலகி இந்தியாவுக்குப் போனார். கடையில் மற்றவர்கள் கைதட்டினார்கள். அபாங் மட்டும் "இனிமேல் யார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று நாளில் முகமது யூனுஸ் பொறுப்பேற்றார்.

2025 பிப்ரவரியில் ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 15 வரை 1,400 பேர்வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்றும், அவர்களில் பெரும்பாலோர் பாதுகாப்புப் படையினரால் சுடப்பட்டவர்கள் என்றும் அது சொன்னது. அவரிடம் காட்டினேன். "பெயர்கள் இருக்கின்றனவா?" என்று கேட்டார். எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு விரலால் தள்ளிவிடும் பழக்கம் எனக்கு அன்றோடு போய்விட்டது. ஒரு செய்தியில் ஊரின் பகுதிப் பெயர் இல்லையென்றால் அது அரைகுறைச் செய்தி என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இதையெல்லாம் ஒருமுறை விடுமுறையில் பீடோங்கில் தாத்தாவிடம் சொன்னேன். அவர் தம் தகப்பனாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் வேலைக்குத் தோட்டத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவர் என் கொள்ளுத்தாத்தா. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், நல்ல சம்பளம் என்று கங்காணி சொன்னாராம். திரும்பவில்லை. எந்த இடத்தில் இறந்தார் என்பதுகூடக் குடும்பத்துக்குத் தெரியாது. 415 கிலோமீட்டர் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல் வழியாகச் சரக்கு அனுப்பினால் நேச நாட்டு நீர்மூழ்கிகள் தாக்கின. அதனால் காட்டை வெட்டித் தரைவழி போட்டார்கள். இதைப் பல்கலைக்கழக நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டு தாத்தாவிடம் சொன்னேன். தம் தகப்பனார் எதற்காகச் செத்தார் என்பது எண்பது வயதுக்கு மேல்தான் அவருக்கு முழுதாகத் தெரிந்தது. எனக்கு அதை நினைக்கும்போது இன்னும் கோபம் வருகிறது. ரப்பர் மரத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பெரிய போர் ஒன்று தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் போர் எங்கே, எதற்கு நடக்கிறது என்று அவரிடம் சொல்ல ஓர் ஆள் இல்லை.

அதனால்தான் அத்தை கேட்டால் எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து தேடுகிறேன். அத்தை பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணுச் சில்லுகளைச் சோதித்துப் பொதியும் தொழிற்சாலை ஒன்றில் ஆப்பரேட்டர். 1972இல் அங்கே தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கியது. இன்று உலகில் சில்லுகளைப் பொருத்திச் சோதித்துப் பொதியும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அதில் கணிசமான பகுதி பினாங்கில். 2025 ஏப்ரல் 3 காலை, இரவு ஷிப்ட் முடிந்து வந்த அத்தை என்னை அழைத்தார். மலேசியப் பொருள்களுக்கு அமெரிக்கா 24 விழுக்காடு வரி போடப் போகிறது என்ற செய்தி தொழிற்சாலைப் பேருந்திலேயே பரவியிருந்தது. "நாங்கள் செய்யும் சாமான் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, அதை மட்டும் பார்த்துச் சொல்" என்றார். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டுக்குச் சற்று மேலே அடிப்படைச் சம்பளம் வாங்குபவர். ஓவர்டைம் குறைந்தால் வீட்டுத் தவணை தள்ளாடும்.

அன்று வந்த கட்டுரைகளில் பாதி அமெரிக்க அதிபரின் பேச்சைப் பற்றியும் மீதி பங்குச் சந்தையைப் பற்றியும் இருந்தன. விடை, அந்த உத்தரவின் பின்னிணைப்பில் சுங்கக் குறியீட்டு எண்களாக இருந்தது. 8542 என்பது ஒருங்கிணைந்த மின்சுற்றுகளுக்கான எண். விலக்குப் பட்டியலில் அது இருந்தது. அத்தையிடம் சொன்னேன். ஆனால் அதே மாதம் குறைகடத்திகள் (சில்லுகள்) மீது அமெரிக்கா தனி விசாரணை நடத்துவதாக அறிவித்தது, அதையும் சொன்னேன். மற்றப் பொருள்களுக்கான வரி ஜூலையில் 25 என்று கடிதமாக வந்து, ஆகஸ்டில் 19 விழுக்காடாக நின்றது. ஒவ்வொரு முறையும் அத்தையின் தோழிகளுக்கு நான் குரல்பதிவு அனுப்பினேன். அவர்கள் நிர்வாகத்திடம் கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். முன்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டியதைப் படித்துவிட்டுப் போவதோடு சரி.

தோம்யாம் கடையில் வேலை செய்யும் தாய்லாந்தின் பட்டானி ஊர் அக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் மோதிக்கொண்டபோது, 28ஆம் தேதி புத்ராஜெயாவில் போர்நிறுத்தம் பேசி முடித்தார்கள். எங்கள் வகுப்பில் ஆசியானுக்குப் பெருமை என்று பேசினோம். அந்த அக்காவின் தம்பிக்கு கட்டாய ராணுவச் சேவைக்கான ஏப்ரல் குலுக்கலில் சிவப்புச் சீட்டு விழுந்து ராணுவத்தில் இருந்தான். எல்லையிலிருந்து எவ்வளவு தூரத்தில் அவன் முகாம் இருக்கிறது என்பது ஒன்றுதான் அவருடைய கேள்வி. வரைபடத்தில் தேடி அளந்து காட்டினேன்.

எப்படிப் படிக்கிறேன் என்று இங்கே ஒரு தம்பி கேட்டிருந்தார். பெர்னாமாவும் நம் தமிழ் நாளிதழ் ஒன்றும், பிபிசி தமிழும் அல் ஜசீராவும் எனக்குப் போதும். தீர்ப்போ உத்தரவோ அறிக்கையோ வெளியாகியிருந்தால் அதையே திறந்து படிக்கிறேன்; கடினமாக இருந்தாலும் நமக்கு வேண்டியது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் போர்க் காணொளிகளை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. அவற்றில் தெரியும் முகம் யாரோ ஒருவருடைய தம்பியாக இருக்கலாம்.

இப்போது செங்கடலைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2023 நவம்பரிலிருந்து யேமனின் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், பல கப்பல்கள் சூயஸை விட்டுவிட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. கிள்ளான் துறைமுகத்திலோ பட்டர்வொர்த்திலோ கொள்கலன் லாரி ஓட்டுபவர்கள், கிரேன் இயக்குபவர்கள் குடும்பத்திலிருந்து யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். அந்த மாதங்களில் கப்பல்கள் எந்த நேரத்தில் வந்தன, உங்கள் வேலை நேரமும் கூலியும் என்ன ஆயின என்பதை வேலை செய்தவர்கள் வாயிலாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.